பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகளைத் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தார்கள். அடுத்த மூன்றாம் நாள் தீபாவளி. எங்கள் தெரு டெய்லர் கடையிலோ புதுத்துணியை விடப் பழைய யூனிஃபார்ம்தான் குவிந்து கிடந்தது. “இடுப்பைப் பிரிச்சு விடுங்கண்ணே”, “ஹூக்கைத் தள்ளி வச்சுக் குடுங்க” என்று அம்மாக்கள் நின்றார்கள். உள்மடிப்பில் இருந்த துணி முழுவதையும் பிரித்தும் பற்றாமல், பக்கவாட்டில் ஒட்டுக் கொடுத்துத் தைத்தார் மனிதர். அங்கே என் மகனைப் பார்த்து ஒரு பெரியவர், “லாக்டவுன்ல நல்லா தின்னுட்டுத் தூங்கினியா தம்பி?” என்று சிரித்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

பள்ளிக்கூடத்தைப் பூட்டியது அவனா? கிருமிக்குப் பயந்து 2020 மார்ச்சில் மூடியதை யாரும் குறை சொல்லவில்லை. திறந்த வரிசையைத்தான் பாருங்கள். டாஸ்மாக் அந்த மே மாதமே திறந்தாயிற்று. சின்னப் பிள்ளைகளின் பள்ளி திறக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் குடியிருப்பில் ஊஞ்சலைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பிள்ளைகள் பந்தை எடுத்தால் சங்கத்துச் செயலாளர் பால்கனியிலிருந்து கத்துவார். அவரே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு மொட்டை மாடியில் காலையும் மாலையும் வாக்கிங் போவார். நடை பெரியவர்களுக்கு மருந்து, பிள்ளைகளுக்கு மட்டும் நோயா?

பிள்ளை என்னதான் செய்யும்? ராத்திரி ஒரு மணி வரை போன். ஒன்பது மணி ஆன்லைன் கிளாஸுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் எழுந்து, பல்கூடத் தேய்க்காமல் அட்டென்டன்ஸ். தட்டு போனுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். திரையைப் பார்த்துக்கொண்டே தின்றால் வயிறு நிறைந்ததே தெரியாது. போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு குக்கரில் கேக், டல்கோனா காபி, சாயங்காலம் நூடுல்ஸ். ‘பாவம், வீட்டிலேயே அடைஞ்சு கிடக்குது’ என்று ஊட்டியவர்களும் நாம்தான்.

இது ஒரு பக்கம். சத்துணவை நம்பிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு நடந்தது வேறு. சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். வேலை போன வீட்டில் அந்த அரிசி எல்லோருக்கும் பொது உலையில்தானே வேகும்? பள்ளியில் தட்டில் விழுந்த சோறு அந்தப் பிள்ளைக்கே என்று விழுந்தது. ஒரே பூட்டு, ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் தொப்பையையும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டிய வயிற்றையும் கொடுத்தது.

சரி, போனது போகட்டும். திறந்த பிறகாவது ஓடவிட்டோமா? ‘போர்ஷன் முடியலை’ என்று வாரத்துக்கு இரண்டு இருந்த பி.டி. பீரியடையும் கணக்கு மிஸ் எடுத்துக்கொண்டார். விட்ட பாடத்தைப் பிடிக்கச் சாயங்காலம் டியூஷன். விட்ட ஓட்டத்தைப் பிடிக்க எந்த டியூஷன் இருக்கிறது? 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிஷமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில், பிள்ளைகள் வீட்டில் பூட்டிக் கிடந்த அந்தக் காலத்திலேயே, சொல்லிவிட்டது. நம் பிள்ளைக்கு வேன் ஏற வாசல் வரை நடப்பதுதான் உடற்பயிற்சி.

இத்தனையும் செய்துவிட்டு, “குண்டு, குண்டு” என்று அவனையே கேலி வேறு. அதைக் கேட்டுக் கூசி, கிரவுண்டுப் பக்கமே போகாமல் ஒதுங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

தலைமையாசிரியர்களே, போர்ஷன் இரண்டு நாள் தள்ளி முடிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பி.டி. பீரியடில் கணக்கு நடத்தாதீர்கள். பெற்றோர்களே, அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைக் கேட்பதற்கு முன், “எம் புள்ளைய இந்த வாரம் எத்தனை தடவை கிரவுண்டுல விட்டீங்க?” என்று கேளுங்கள்.