இசைத்தட்டும் இசைவாணர் முயற்சியும்

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. தெருவிற் செல்வோன் கடையைக் காணுமுன்னரே பூவின் மணம் அவனைச் சென்று பற்றுதலின், வணிகன் கூவி அழைக்க வேண்டுவதில்லை. இப்பழமொழியை இசைவாணர்க்கும் ஏற்றி, பாட்டு நன்றாயின் இசைத்தட்டுத் தானே விலைபோகும் என்றும், பாடுவோரே தம் தட்டை விற்க அலைதல் கலைக்கு இழுக்கு என்றும் கூறுவார் பலர். மாணவர் பலர் தம் இசையைப் பதிவு செய்து தாமே வெளியிடும் இந்நாளில், இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்று ஆராய்தல் தக்கதெனக் கருதுகின்றோம்.

பூவுக்கும் இசைத்தட்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பூ மலர்ந்த அளவிலே மணக்கும். இசைத்தட்டோ, சுழற்றி இசைப்பிக்கும் வரையில் ஊமையாய் உறையினுள்ளே கிடக்கும். கடையிற் காண்போனுக்கு நல்ல தட்டும் தீய தட்டும் ஒரே கரிய வட்டம். ஆதலின், அடைபட்ட மணத்தைத் திறந்துவிடுவார் ஒருவர் வேண்டும். அவர் இசைவாணரேயாயின் குற்றம் என்னை?

நம் நாட்டு இசைத்தட்டு வரலாற்றின் தொடக்கத்திலேயே இதற்கு ஓர் அடையாளம் காண்கின்றோம். 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கல்கத்தா நகரிலே, பிரெடு கெய்ஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாடி முடித்தவுடன் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். ஜெர்மனியின் ஹானோவரிலே தட்டு அச்சிடுவோர் பாடினவர் இன்னாரென அறிதற்பொருட்டே அங்ஙனம் கூறினாரென்பர். எனினும், தொழிலாளர்க்கென்று கூறிய பெயர், தட்டைக் கேட்டார் அனைவர் செவியிலும் விழுந்தது. பாட்டும் பாடினவர் பெயரும் ஒரே குரலில் ஒட்டி நிற்கும் அத்தட்டினும் சிறந்த விளம்பரம் வேறு யாது?

இதனினும் தெளிவான சான்று அமெரிக்க நாட்டிலுள்ளது. கெண்டக்கி மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் லொரெட்டா லின். 1960-ஆம் ஆண்டில் அவரது முதல் தட்டு வெளியானபோது அவர் நான்கு மக்களின் தாய், பெயரறிவார் இலர். தட்டை வெளியிட்டதோ ஒரு சிறு நிறுவனம். அவரும் அவர் கணவரும் தட்டுக்களை வானொலி நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினர். பின்னர் மோட்டார் வண்டியிலேறி, ஊர் ஊராய் நிலையம் நிலையமாய்ச் சென்று, தம் பாட்டை ஒலிபரப்புமாறு வேண்டினர். அப்பாட்டு, நாட்டுப்புறப் பாணிப் பாட்டுக்களுக்குப் பில்போர்டு என்னும் பத்திரிகை வெளியிடும் வரிசையில் 14-ஆம் இடத்தை எய்தியது. 1967-ஆம் ஆண்டில் அவருடைய வேறொரு பாட்டு அவ்வரிசையின் முதலிடத்தையே பெற்றது. முதற் பாட்டு வீட்டோடு கிடந்திருப்பின் இரண்டாவது பிறந்திருக்குமோ என்பது ஐயமே.

தற்புகழ்ச்சி குற்றமென்பது உண்மையே. ஆயினும், நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அதற்குச் சில விலக்குக்களும் வகுத்தார். தம் திறம் அறியாதார் நடுவே ஒரு புலவன் அதனை எடுத்துரைப்பது இழுக்கன்று என்பது அவற்றுள் ஒன்று. அறியப்படாத இசைவாணரின் நிலை இதுவே. மேலும், லொரெட்டா லின் தம்மைப் புகழ்ந்து திரியவில்லை. பாட்டைக் கேட்கச் செய்தார். தீர்ப்பைக் கேட்பார்க்கே விட்டார்.

நிற்க. எல்லா முயற்சியும் ஒரு தன்மையன அல்ல. ஒலிபரப்புவோர்க்குக் கைக்கூலி கொடுத்துப் பாட்டை ஓயாது ஒலிக்கச் செய்தலும் ஒரு முயற்சியே. அமெரிக்க நாட்டிற் பல காலம் நடந்த இவ்வழக்கத்தைப் பற்றி 1959-ஆம் ஆண்டிற் சட்டசபைக் குழு விசாரணை தொடங்கிற்று. மறைவாய்ப் பெறும் கைக்கூலி 1960-ஆம் ஆண்டிற் குற்றமாக்கப்பட்டது. இது மணத்தைத் திறந்துவிடுதல் அன்று. மூக்கை விலைக்கு வாங்குதல்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டினை ஒப்பிடுவோம். ரேடியோஹெட் என்னும் ஆங்கிலேயக் குழுவினர் 2007-ஆம் ஆண்டு அக்டோபரில், தம் புதிய இசைத்தொகுதியை இணையவழி வெளியிட்டு, விரும்பிய விலையைக் கேட்போரே கொடுக்கலாம் என்றனர். விலையின்றியும் பெறக்கூடிய அத்தொகுதி, 2008-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இசைத்தட்டாகக் கடைக்கு வந்தபோது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. யூ-டூ என்னும் ஐரிஷ் குழுவினரின் தொகுதியோ, 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆப்பிள் நிறுவனத்தின் வழியே ஏறத்தாழ 50 கோடி மக்களின் கணக்குகளிற் கேளாமலே சேர்க்கப்பட்டது. பலர் வெகுண்டனர், அதனை நீக்குதற்கென்றே ஒரு வழி செய்து தரவேண்டியதாயிற்று, குழுவின் பாடகர் போனோ வருத்தம் தெரிவித்தார். இரண்டும் இலவசமே. முன்னது, “வந்து முகர்ந்து பாருங்கள்” என்ற அழைப்பு. பின்னது, உறங்குவோன் மூக்கிற் பூவைத் திணித்தது. அழைப்புக்கும் திணிப்புக்குமுள்ள இவ்வேற்றுமையை நம் இளைஞர் மறவாதிருப்பாராக.

எனினும், முயற்சியொன்றாலேயே விற்பனை பெருகிற்றென்று துணிதலும் தவறு. ரேடியோஹெட் குழுவினர் அதற்கு முன்னரே பல்லாண்டு பாடிப் புகழ் பெற்றவர். அறியப்படாதார் அவ்வாறே செய்தால் அதே பயன் விளையுமென்று சொல்லவியலாது. முயற்சி ஒருவனை ஒருமுறை கேட்கச் செய்யும். மறுமுறை கேட்கச் செய்வதும், மற்றொருவனிடம் சொல்லச் செய்வதும் இசையின் தொழில்.

மற்றுமோர் இடர் உண்டு. அதுவே எம்மை மிக வருத்துவது. நாளெல்லாம் கைப்பேசியைக் கையிலேந்தித் தம்மை அறிவித்துக்கொண்டிருப்பார்க்குச் சாதகம் செய்யப் பொழுது ஏது? விதைநெல்லைக் குத்தி விருந்திட்டவன் அடுத்த ஆண்டு எதனை விதைப்பான்? பாடுதற்குரிய நேரத்தை விளம்பரம் விழுங்குமாயின், நாளடைவில் அறிவித்தற்குரிய பொருளே இல்லாதொழியும்.

இக்காலத்தே பாட்டைக் கேட்பதற்கு இசைத்தட்டு வாங்க வேண்டுவதில்லை. இணையவழி யாவும் கேட்கலாம். அங்ஙனமிருந்தும், 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிற் பழைய முறைக் கரிய தட்டுக்கள் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் விற்று, 1987-ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுக்களின் எண்ணிக்கையை விஞ்சின. தேவையின்றியும் வாங்குவோர், இசையின்பாலும் இசைவாணர்பாலும் கொண்ட அன்பினாலேயே வாங்குகின்றனர் என்பது எம் துணிபு. அவ்வன்பை வளர்த்தற்கு உரியார் இசைவாணரேயன்றிப் பிறரல்லர்.

ஆகவே, பாடவல்ல நம் மாணவர்க்கு யாம் கூறுவது இது: பாட்டைத் திருத்தமுறச் செய்க, பின் அதனைப் பிறர் செவிவரை கொண்டு செல்ல நாணற்க, வாயிலிற் கொண்டுபோய் வைத்தபின் வற்புறுத்தாது மீள்க, மீண்டு வந்து பாடுக. கேட்கும் நமக்கும் ஒரு கடமையுண்டு. நம் தோழர் ஒருவர் தம் இசைத்தட்டொன்றைக் கையிலேந்தி நாணத்தோடு முன்வந்து நிற்பாராயின், அவரை எள்ளி நகையாடாது, ஒருமுறை கேட்போம். நன்றாயின் விலைகொடுத்து வாங்குவோம்.