கெட்டிலும் ஈயமும்

கெட்டிலின் கைப்பிடி கழன்றபோது காலை மணி ஆறேகால். 2025 ஜூலை. வாஷியில் மூன்று நாளாக விடாத மழை. அம்மா அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியின் ஒரு பக்கத்துப் பற்று விட்டுப்போக, கெட்டில் தலைகீழாகச் சாய்ந்தது. ஒன்றரை லிட்டர் கொதிநீரில் பெரும்பகுதி சமையல் மேடையில் கொட்டியது. மிச்சம் அம்மாவின் இடது முன்கையில். குழாயைத் திறந்துவிட்டு, அந்தக் கையைத் தண்ணீருக்கடியில் பிடித்தபடி 20 நிமிடம் நின்றேன். அம்மாவுக்கு 76 வயது. புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று.

அந்தக் கெட்டிலைத் தேர்ந்தெடுத்தவன் நான். எட்டு மாதத்துக்கு முன்னால், பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். கைப்பிடி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்துப் பக்கம் மொழிபெயர்த்தால் பத்து அகராதியைப் புரட்டுகிற ஆள், கொதிநீரைச் சுமக்கப்போகிற ஒரு பாத்திரத்தை இரண்டு நிமிடத்தில் வாங்கிவிட்டேன்.

தமிழ் வீட்டுக்குக் கெட்டில் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாலும் தேயிலையும் சர்க்கரையும் ஒன்றாகக் கொதிக்கிற வீட்டுக்குக் கெட்டில் தேவையே இல்லை. அகன்ற வாய்ப் பாத்திரம்தான் சரி. கெட்டிலில் பாலை ஊற்றினால் அடிபிடிக்கும், மூக்குக்குள் ஆடை படியும், கழுவக் கை நுழையாது. வாஷி ஏ.பி.எம்.சி. சந்தையில் மூட்டைகளுக்கு நடுவே பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடும் அலுமினியக் ‘கேத்லி’யைப் பார்த்து ஏமாறக்கூடாது. டீ காய்வது பாத்திரத்தில். அதை வடிகட்டி எடுத்துச் செல்லத்தான் கேத்லி. கனம் இருந்தால் தூக்க முடியாது என்பதால் மெல்லிய தகட்டில் செய்கிறார்கள். அந்த வேலைக்கு அது பொருத்தம். நாள்தோறும் ஐந்தாறு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது பொருந்தாது.

எங்கள் வீட்டில் நடப்பது இந்த இரண்டாவது வேலை. அம்மாவுக்குச் சுக்குத் தண்ணீர், எனக்குப் பால் சேர்க்காத டீ, இரவு மாத்திரைக்கு வெந்நீர். மின்சாரக் கெட்டில் இருக்கிறது; அம்மா அதைத் தொடமாட்டாள். நெருப்பைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. ஆகவே இன்னொரு கெட்டில் வாங்கியே தீரவேண்டும். இந்த முறை ஒழுங்காக.

அம்மாவின் கை ஆறிக்கொண்டிருந்த ஆகஸ்டில், மொழிபெயர்க்க ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அந்த நாட்டில் இறக்குமதியாகும் சில பாத்திரங்களைப் பற்றி எச்சரித்திருந்தது. அலுமினியம், பித்தளை, ஹிண்டாலியம் அல்லது இண்டாலியம் என்ற பெயர்களில் விற்கும் அலுமினியக் கலப்பு உலோகம் ஆகியவற்றால் ஆன சில பாத்திரங்கள், சமைக்கும்போது உணவில் ‘லெட்’ என்ற உலோகத்தைக் கசியவிடக்கூடும் என்பது செய்தி. நான் வழக்கம்போல ‘ஈயம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சானதும் அம்மா படித்தாள்.

“அப்போ ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடுத்து, உங்க பாட்டி நம்மளையெல்லாம் கொல்லப் பார்த்தாளா?” என்றாள்.

முதுகலை வரை தமிழ் படித்தவனுக்குக் கிடைத்த அடி அது. தமிழில் ஈயம் ஒன்றல்ல, இரண்டு. ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, ஆங்கிலத்தில் டின். பித்தளைக்கு உள்ளே பூசுவதும் அதுதான். மும்பையில் இந்த வேலைக்குக் ‘கல்ஹை’ என்று பெயர். நஞ்சு என்று அமெரிக்கர்கள் சொன்னது காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் 327 டிகிரியில். பெட்ரோலில் கலந்திருந்த காரீயத்தை 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நீக்கியபோது, பத்திரிகைகள் ‘ஈயம் இல்லாத பெட்ரோல்’ என்றே எழுதின. அடைமொழியை அப்போது உதறிவிட்டோம். குழப்பம் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது; பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகக் கோளாறையும் தருகிறது. ருசியிலோ மணத்திலோ காட்டிக்கொடுக்காது. ‘ஈயம் ஆகாது’ என்று படித்துவிட்டுச் சுத்தமான வெள்ளீயச் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டு, கலப்பு அலுமினியத்தில் குழம்பு வைக்கும் வீடு, என் மொழிபெயர்ப்பை நம்பித் தவறான பாத்திரத்தைத் தள்ளிவைத்த வீடாக இருக்கும். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்ற பழமொழியில், இளிக்கும் பித்தளைக்கு உள்ளே பூசியிருப்பதே ஈயம்தான்.

கெட்டிலில் காரீயம் எங்கிருந்து வரும்? மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பழைய உலோகத்தை உருக்கிச் செய்த பாத்திரம். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டைப் போன்ற இடங்களில் ஊரின் கழிவெல்லாம் தரம் பிரிக்கப்படுகிறது. தாராவியில் அலுமினியத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் உலைகளும் இருக்கின்றன. ஊர் தூக்கி எறிந்ததைத் திரும்ப உலோகமாக்கும் அந்தத் தொழிலாளிகள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் எந்த ஊரானாலும், இயந்திரப் பாகமும் டப்பாவும் கலந்து உருகிய உலோகம் உணவுப் பாத்திரத்துக்கானது அல்ல. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டாவது, பித்தளை. எளிதாகக் கடைவதற்காக அதில் காரீயம் சேர்ப்பது பழைய வழக்கம். உள்ளே பூச்சு தேய்ந்தால் தண்ணீர் அதைத் தொடும். மூன்றாவது, மூக்கை உடலோடு ஒட்டுகிற பற்று. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகிவிடும்.

தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் உட்புறம் 100 டிகிரியை அதிகம் தாண்டாது. தண்ணீர் வற்றினால் நிலைமை வேறு: பற்று இளகும், வெள்ளீயப் பூச்சு வழியும், மெல்லிய அலுமினிய அடி ஓட்டையாகவும் கூடும். ‘ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்காதே, முதலில் தண்ணீரை ஊற்று’ என்று பாட்டி சொன்னதில் இவ்வளவு பௌதிகம் இருந்திருக்கிறது.

அதனால் எவர்சில்வர் என்று முடிவு செய்து, குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்காவுக்குப் போனேன். வாஷியிலும் கடைகள் இருக்கின்றன. ஆனால் மாட்டுங்கா மார்க்கெட்டில் பாத்திரத்தைப் பற்றித் தமிழில் சண்டை போடலாம். கடைக்காரப் பெரியவரிடம் கைப்பிடி கழன்ற கதையைச் சொன்னேன். “உடம்பைப் பார்த்து வாங்கியிருக்கீங்க சார். சேர்ற இடத்தைப் பார்த்து வாங்கணும்” என்றார். பிறகு ஐந்து கெட்டில்களை வரிசையாக வைத்தார்.

முதலில் கைப்பிடி. இரண்டு பக்கமும் ரிவெட் அடித்திருக்கிறதா, வெறும் புள்ளிப் பற்றவைப்பா என்று பார்க்கவேண்டும். நன்றாகச் செய்த பற்றவைப்பும் தாங்கும். ஆனால் ஒரே ஒரு புள்ளியில் நிற்கும் பற்றை நம்பக்கூடாது. கெட்டிலைக் கடையிலேயே கழுத்துவரை தண்ணீர் நிரப்பித் தூக்கச் சொன்னார். ஒன்றரை லிட்டர் கெட்டில் என்றால் தண்ணீரே ஒன்றரைக் கிலோ. அதோடு கெட்டிலின் எடையும் சேரும். அதைச் சாய்க்கப்போவது யாருடைய மணிக்கட்டு என்று யோசித்தேன். ஒரு லிட்டரே போதும் என்று தெரிந்தது.

அடுத்து மூக்கு. சாய்த்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே தாரையாக விழவேண்டும். மூடி வழியாகவும் மூக்கின் அடிவழியாகவும் வடியக்கூடாது. மூக்கின் நுனி, நிரப்பும் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். தாழ்ந்திருந்தால் கொதிக்கும்போது பொங்கி அடுப்பை அணைத்துவிடும். உள்ளே டார்ச் அடித்து மூக்கும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடலின் அதே உலோகத்தால் சீராகப் பற்றவைத்திருந்தால் நல்லது. மங்கிய சாம்பல் நிறத்தில் பிசின்போல அப்பியிருந்தால் அந்தக் கெட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வாய். மூடியைத் திறந்தால் உள்ளே கை போகவேண்டும். போகாத கெட்டிலை யாரும் கழுவப்போவதில்லை. நான்காவது அடி. தட்டையாக, பர்னரின் ஜ்வாலையைவிட அகலமாக இருக்கவேண்டும். குறுகலான அடியென்றால் நெருப்பு பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைச் சுடும், எரிவாயுவும் வீண். ‘தாமிர அடி சீக்கிரம் கொதிக்கும்’ என்பதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. எவர்சில்வரைவிடத் தாமிரம் இருபது மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. அடிபிடிக்கும் குழம்புக்கு அது உதவும். மெல்லிய சுவரைத் தாண்டித் தண்ணீரைச் சூடாக்குவதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

எரிவாயுவை மிச்சம் பிடிப்பது வேறு விஷயம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, சாதாரண வீட்டு அடுப்பில் சுமார் 10 கிராம் சமையல் எரிவாயு செலவாகும். இரண்டு டம்ளர் வேண்டிய இடத்தில் கெட்டிலை நிரப்பினால் பாதிக்கு மேல் வீண். உலோகத்தைவிட, அளந்து ஊற்றும் பழக்கம்தான் சிக்கனம்.

எவர்சில்வரிலும் சாதி உண்டு. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல். 200 வரிசை ரகங்களில் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். பளபளப்பு ஒன்றுதான், உப்புத் தண்ணீர் நின்றால் இவற்றில்தான் சீக்கிரம் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் உசத்தி என்பது பாதி உண்மை. 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே முத்திரையைப் பாருங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணையிட்டது. எவர்சில்வருக்கான தர எண் ஐ.எஸ். 14756, அலுமினியத்துக்கு ஐ.எஸ். 1660. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், அது யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். என் பழைய கெட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு பூப்படம் மட்டும் இருந்தது.

வாங்கியபின் பராமரிப்பு ஊருக்கு ஊர் மாறும். எங்களுக்கு வருவது மோர்பே அணைத் தண்ணீர். கெட்டிலில் உப்பு படிவது அபூர்வம். சென்னையில் ஆழ்குழாய்த் தண்ணீர் குடிக்கும் என் தங்கை வீட்டில் மூன்று மாதத்தில் வெள்ளைப் பாறையே கட்டிவிடுகிறது. அது பெரும்பாலும் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரைமணி ஊறவிட்டால் கரையும். கத்தியால் சுரண்டவேண்டாம். எந்த ஊரானாலும் இரவில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்து காயவிடுங்கள்.

பெரியவர் கடைசியாக எடுத்துக் கொடுத்தது அழகில் ஐந்தில் நான்காவது. ஒரு லிட்டர், இரண்டு பக்கமும் ரிவெட் அடித்த கைப்பிடி, கை நுழையும் வாய். பக்கத்து அலமாரியில் ஈயச் சொம்புகள் இருந்தன. “சுத்த வெள்ளீயமா?” என்று கேட்டேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “இப்படிக் கேட்டு வாங்குறவங்க கொறஞ்சுபோயிட்டாங்க” என்றார். ஆனால் கேட்டால் போதாது. கலப்பைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் உலோகப் பரிசோதனைக் கூடம்தான் வழி.

அடுத்த முறை அதே விஷயத்தைப் பற்றி எழுத வேண்டி வந்தபோது ‘காரீயம்’ என்று எழுதினேன். அலுவலக இளைஞர் ஒருவர், இது பழைய சொல்லாயிற்றே, ஈயம் என்றால் போதாதா என்று தொலைபேசியில் கேட்டார். போதாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அம்மாவின் கையில் தழும்பு இருக்கிறது. புதுக் கெட்டிலை எடுக்குமுன் தினமும் ஒரு காரியம் செய்கிறாள். கட்டைவிரலால் முதலில் இந்தப் பக்கத்து ரிவெட்டை அழுத்திப் பார்க்கிறாள். பிறகு அந்தப் பக்கத்தை. அதற்குப் பின்தான் தண்ணீர் பிடிக்கிறாள், பாதி அளவுக்கு.