தேய்ந்த சக்கரம் யாருக்குப் பாரம்?



வீட்டில் விளக்கு எரியாவிடில் அன்று மாலையே மாற்றிவிடுகிறோம். மிதிவண்டியில் காற்று இறங்கினால் உடனே கடைக்கு ஓடுகிறோம். ஆனால் தோட்டத்தில் எருவும் மண்ணும் ஏற்றிச் சென்று கவிழ்த்துக் கொட்டும் கைவண்டியின் சக்கரம் தேய்ந்தால் மட்டும், "இன்னும் ஓடுகிறதே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் சக்கரம் செய்ய வேண்டிய வேலையை, அதைத் தள்ளுபவரின் தோளும் இடுப்பும் செய்கின்றன. இம்மாதம் இதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி, காரிமங்கலம் பக்கம் மா, அரூர்ப் பக்கம் மரவள்ளி எனத் தோட்ட வேலை ஆண்டு முழுவதும் நடைபெறுகிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த மேடுபள்ளமான நிலம். 100 லிட்டர் கொள்ளும் வண்டித் தொட்டியில் ஈரமண் நிரப்பினால் ஏறத்தாழ 150 கிலோ இருக்கும். நல்ல சக்கரம் இருந்தால் ஒருவர் தள்ளிச் செல்லலாம். சக்கரம் பழுதாகி வண்டி மூலையில் சாய்ந்துவிட்டால், அதே மண் கூடை கூடையாகத் தலையில் ஏறும். பெரும்பாலும் பெண்களின் தலையில் ஏறும் என்பதை நாம் அறிவோம்.

சக்கரத்தின் வரலாறே, சுமப்பவர்பால் கொண்ட அக்கறையோடு இணைந்தது. 1888-ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கல்தரையில் அதிராமல் ஓடுவதற்காகவே காற்றடைத்த டயரை அமைத்தார். பின்னாளில் அவர் பெயர் தாங்கிய டயர்கள் நம் நாட்டு மாட்டு வண்டிகளிலும் ஏறின. இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரம் பாதையை அறுத்துக்கொண்டு புதையும். டயர் வண்டியோ மண்ணின்மேல் பரவி உருளும். பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநரான என். எஸ். இராமசாமி அவர்கள், 1970-களில் மாட்டு வண்டியைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். நுகத்தடியால் புண்படும் காளையின் கழுத்தையும் அவர் கணக்கில் சேர்த்தார். காளைக்குக் காட்டும் இரக்கத்தை, கைவண்டி தள்ளும் மனிதருக்குக் காட்டாமல் இருப்பது முறையாகுமா?

இனி, செய்ய வேண்டியதைக் கூறுவோம்.

முதலில் நோயை அறிய வேண்டும். வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென ஒலித்தாலும், பக்கவாட்டில் அசைத்தால் ஆடினாலும், குடத்தின் உள்ளேயுள்ள பேரிங் அல்லது புஷ் தேய்ந்துள்ளது. இந்நிலையில் டயரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தாலும், உள்நூல் வெளியே தெரிந்தாலும் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. ரிம் வளைந்திருந்தால் புதிய டயரும் விரைவில் கெடும்.

அடுத்து அளவு. அச்சின் கனம், குடத்தின் நீளம், சக்கரத்தின் முழு உயரம், அகலம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இயன்றால் பழைய சக்கரத்தையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். டயரின் பக்கத்தில் 4.00-8 என்று எழுதியிருந்தால், அகலம் 4 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 8 அங்குலம் என்று பொருள். நம் சாலைகளில் ஓடும் ஆட்டோக்கள் பலவற்றின் அளவும் இதுவே. ஆகவே சிற்றூர்க் கடையிலும் இது கிடைக்கக்கூடும்.

சக்கரங்களை இணையாகவே மாற்றுதல் நன்று. ஒன்று புதிதாகவும் மற்றொன்று தேய்ந்து சிறுத்தும் இருந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். பாரம் அப்பக்கம் இறங்கும். தள்ளுபவரின் ஒரு கை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சீமைக் கருவேல முள் நிறைந்த இடங்களில் காற்று டயர் அடிக்கடி இறங்கும். அத்தகையோர் காற்றே தேவைப்படாத பாலியூரிதேன் நுரை டயரை வாங்கலாம். முள் தைத்தாலும் கவலையில்லை. ஆனால் சரளைப் பாதையில் காற்று டயர் அளவுக்கு அது அதிர்வைத் தாங்காது, விலையும் கூடுதல். முள் மிகுதியா, கல் மிகுதியா என்பதைப் பார்த்து முடிவு செய்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில சக்கரங்களில் ரிம் இரண்டு தட்டுகளாக நட்டு போட்டுப் பிணைக்கப்பட்டிருக்கும். காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம் தட்டுகளைப் பிளந்து எறிந்து முகத்தையும் கைகளையும் காயப்படுத்தும். சிறுவர்களை அருகில் நிற்க விடாதீர்கள். காற்று அடைக்கும்போதும் சிறிது சிறிதாக அடைத்து, டயர் ரிம்மில் சீராக உட்காருகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சிறிய டயர் கொள்ளும் காற்று மிகக் குறைவு. இயந்திரத்தால் ஒரே மூச்சில் அடைத்தால் வெடித்துவிடக்கூடும். எவ்வளவு அழுத்தம் என்பது டயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதனைத் தாண்ட வேண்டாம்.

மாட்டும்போது அச்சைத் துடைத்துக் கிரீஸ் தடவி, இருபுறமும் வாஷர் இட்டு, புதிய காட்டர் பின்னைச் செருகி அதன் நுனிகளை வளைத்து விடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் செருகினால் அது பாதி வழியில் முறியும். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். அதன்பின் வாரம் ஒருமுறை காற்றுப் பார்த்தல், எரு ஏற்றிய நாளில் கழுவி வைத்தல், பாரத்தோடு வெயிலில் நிறுத்தாதிருத்தல் ஆகிய மூன்றும் போதும்.

செலவைப் பற்றித் தயங்குவோருக்கு ஒரு சொல். வண்டியை வாங்குபவர் ஒருவர், தள்ளுபவர் மற்றொருவர் என்று இருக்கும் இடத்தில்தான் தேய்ந்த சக்கரம் நெடுநாள் நீடிக்கிறது. நம் தோட்டத்திற்குக் கூலிக்கு வரும் பெண் அதைக் குறித்து முறையிட மாட்டார். மறுநாள் வேலை கிடைக்காதோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. நம் ஊராட்சியில் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர்களின் நிலையும் இதுவாக இருக்கலாம். அவர்கள் வாய் திறவாமையை, குறையில்லாமை என்று நாம் எண்ணிவிடலாகாது. கூலியைக் குறைவின்றிக் கொடுப்பது போலவே, கையில் கொடுக்கும் கருவியைக் குறைவின்றிக் கொடுப்பதும் நீதியே.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: இந்த வாரம் உங்கள் தோட்டத்து வண்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றி, கிணற்றடியிலிருந்து வரப்பின் கடைசி வரை நீங்களே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். சக்கரத்தை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்பதை உங்கள் தோள்களே சொல்லிவிடும்.