இரண்டு வார வாத்தியார்கள்

கம்போடியாவுக்கு அங்கோர்வாட் பார்க்கப் போகிறவர்களில் சிலர், பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் சில நாள் தங்கிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஏற்பாடு செய்து தர நிறுவனங்கள் உண்டு. அதற்குக் கட்டணமும் உண்டு. கைக்காசைப் போட்டு உழைக்கிறவர்களைக் குறை சொல்லலாமா என்று கேட்கிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம், அவர்களுக்காகச் சொல்லப்படும் வாதங்களைப் பார்ப்போம்.

ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால் போதும், கற்பிப்பது தானாக வந்துவிடும் என்கிறார்கள். கம்போடியர்களின் கெமர் மொழியில் காலத்துக்கேற்ப வினைச்சொல் உருமாறாது. ‘நேற்று’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. ஆகவே அந்த ஊர்ப் பையன் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்றுதான் ஆரம்பிப்பான். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலியும் அவன் வாயில் நிற்காது. அவன் மொழியில் அது எழுத்தில் இருந்தாலும் பேச்சில் ‘ஹ்’ என்று தேய்ந்துவிடும். மெல்போர்னிலிருந்து வந்த கல்லூரி மாணவிக்கு இது பிழை என்று தெரியும், ஏன் வருகிறது என்று தெரியாது. ‘வென்ட்’ என்று திருத்துவாள். அவனும் ‘வென்ட்’ என்பான். அடுத்த வாக்கியத்தில் மறுபடி ‘கோ’. அதே பிழையைச் செய்து தாண்டி வந்த கெமர் ஆசிரியருக்குத்தான் அதை எங்கே பிடிப்பதென்று தெரியும். நம்மில் பலருக்கு ஆங்கில இலக்கணம் புரிந்தது யாரிடம் என்று யோசித்துப் பாருங்கள். உச்சரிப்புக்கும் கூச்சம் தெளிவதற்கும் வெளிநாட்டவர் உதவுவார் என்பதை நான் மறுக்கவில்லை.

ஒன்றுமே இல்லாததற்கு இரண்டு வாரம் மேல் அல்லவா என்பது அடுத்தது. முன்னால் வந்தவர் எங்கே நிறுத்தினார் என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாததால், நிறங்களின் பெயரும் தலை, தோள், முழங்கால் பாட்டும் மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகளும் புதிதாகக் கேட்பதுபோலக் கைதட்டிப் பாடுகிறார்கள்; விருந்தாளி மனம் கோணக்கூடாதே! தவிர, அங்கே ‘ஒன்றுமே இல்லை’ என்பதும் உண்மையில்லை. அரசுப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பு அரைநாள்தான். மீதி நேரத்தில் உள்ளூர் ஆசிரியர்கள் டியூஷன் எடுத்துப் பிழைக்கிறார்கள்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், இப்படிப்பட்ட தொண்டர்கள் போகும் அனாதை இல்லங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2005இல் கம்போடியாவில் 154 இல்லங்கள், 2010இல் 269. போர் முடிந்த நாட்டில் அனாதைகள் பெருகவில்லை, இல்லங்கள் பெருகின. அங்கிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். சோறும் இங்கிலீஷும் கிடைக்கும் என்று நம்பி அனுப்பியவர்கள் அவர்கள். பார்க்க வருகிறவர்கள் காசு கொண்டுவரும்வரை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப எந்த நிர்வாகிக்கு மனம் வரும்? குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று 2011இல் அங்கே பிரசாரமே நடந்தது. தொண்டர்கள் நிறையப் போன ஆஸ்திரேலியா, 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இப்படிக் காசுக்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்க்கும் கடத்தலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பைச் சிலர் பதிலாகக் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் எனக்குத்தான் சாதகம். அதன் தொண்டர் போவது 27 மாதத்துக்கு. முதல் மூன்று மாதம் போல கெமர் மொழி உட்படப் பயிற்சி. பிறகு கெமர் ஆசிரியரோடு சேர்ந்துதான் வகுப்பு.

போக ஆசைப்படுகிறவர்கள் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேட்கட்டும்: என்னோடு வகுப்பில் நிற்கப்போகும் உள்ளூர் ஆசிரியர் யார்? போன தொண்டர் எந்தப் பாடத்தில் விட்டார்? பதில் வராவிட்டால் அங்கோர்வாட்டை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.