உழைக்கிற உடம்புக்குச் சீனி வருத்தம் வராதாம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ சீனி வருத்தம், பிறசர் என்று கதை எடுத்தால் முதலில் வருகிற பதில் இதுதான்: "நாங்கள் வயலுக்க கிடந்து முறியிற சனம். உது கொழும்பில ஏசிக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு வாற வருத்தம்." சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் தாய் தகப்பன் வாழ்ந்த வாழ்க்கையைத் தாங்களும் வாழ்வதாக நம்பிச் சொல்கிறார்கள்.

அந்தத் தாய் தகப்பன் காலத்துக் காலபோகத்தை எண்ணிப் பாருங்கள். மண்வெட்டியோடு வரம்பு கட்டினார்கள், குனிந்து களை பிடுங்கினார்கள், அரிவாளோடு நிரையாக நின்று அருவி வெட்டினார்கள். கட்டுக் கட்டித் தலையில் சுமந்து சூடு வைத்து, இரவிரவாகச் சூடடித்துத் தூற்றினார்கள். இன்றைக்கு உழவு மெசின் உழுகிறது, களைக்கு மருந்து அடிக்கிறோம், வெட்டு மெசின் காலையில் வயலுக்குள் இறங்கினால் பின்னேரத்துக்குள் நெல் சாக்கில் நிற்கிறது. அந்த நேரம் முழுக்க வயற்காரர் வரம்பில், குடைக்குக் கீழே. 2009இல் போர் முடிந்த பிறகு பாதை திறந்து, லீசிங் கடைகளும் வந்த பின், வயலுக்குப் போகிற பயணமும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டது. மெசின் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலையின் முதுகுவலியை அறிந்தவர்கள் அது திரும்பி வர வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் வேலை பாதியாகக் குறைந்த பின்னும் சோறு குறையவில்லை. கோப்பையில் மலையாகச் சோறு, அதன் மேல் உருளைக்கிழங்குக் கறி, ஓரத்தில் கைப்பிடி கூட வராத கீரை. அருவி வெட்டுகிறவருக்குப் போட்ட அளவு அது.

உண்மையிலேயே நாள் முழுக்கக் கூலி வேலை செய்கிறவர், வலை இழுக்கிறவர், மண் அள்ளுகிறவர் தனியாக நடைப்பயிற்சி போகத் தேவையில்லைதான். சோற்றையும் சீனியையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் ஒரு கிழமையில் எத்தனை நாள் மூச்சு வாங்க வேலை செய்தோம் என்று தங்களுக்குள் கணக்குப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிடம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் அதுவே எடுத்துவிட்டது. தண்ணீர் அள்ளுவது, வளவு கூட்டுவது, கொத்துவது எல்லாம் கணக்கில் சேரும்.

இரண்டாவது பேச்சு இன்னும் ஆழத்திலிருந்து வருகிறது. "செல்லடியையும் பட்டினியையும் கண்ட உடம்பு. சீனி என்ன செய்யும்?" இதைச் சொல்பவரின் கண்ணைப் பார்த்து மறுத்துப் பேசுவது இலகுவல்ல. ஆனாலும் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் மருத்துவம் கண்டது இதற்கு நேர்மாறானது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவுப் பாதையை மறித்தபோது ஒல்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதைத் தொட்டபோது சோதித்தார்கள். அவர்களின் உடம்பு சீனியைக் கையாள மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தடுமாறியது. 1932-33 உக்ரைன் பஞ்சத்தைப் பற்றி 2024இல் வந்த ஆய்வும் அதையே சொல்கிறது: கடும் பஞ்சத்தின் நடுவில் கருவின் தொடக்க மாதங்களைக் கழித்தவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பட்டினி உடம்பைப் பழக்கி வலுப்படுத்துவதாக நாம் நினைக்கிறோம். ஆனால் கருவிலேயே அதைப் பட்ட உடம்பு, பிறகு வருகிற தாராளத்தைத் தாங்கச் சிரமப்படுகிறது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் பதுங்குகுழியில் கஞ்சித் தண்ணியோடு கருவைச் சுமந்த தாய்மாரின் பிள்ளைகள் இப்போது சோடாவும் றோல்ஸும் வாங்கும் வயதில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் கூடுதலாக யோசிக்கிறேன்.

"எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இருக்கு, பரம்பரை. என்ன செய்தாலும் வரும்" என்பது மூன்றாவது. பரம்பரை உண்மை. வந்தே தீரும் என்பது உண்மையில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, சீனி எல்லைக்கோட்டைத் தொட்டிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டது. சிலரை வழமையான ஆலோசனையோடு விட்டார்கள். சிலரைச் சாப்பாட்டைத் திருத்தி, நாளுக்கு அரை மணித்தியாலம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சீனி வருத்தம் வந்தது. இரண்டாவது கூட்டத்தில் 39 பேருக்கு. மெற்போமின் குளிசை மட்டும் குடித்தவர்களிலும் ஏறத்தாழ 40. ஆக, நடையும் சாப்பாடும் ஒரு குளிசைக்குச் சமமாக நின்றன. நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போலச் சோறு தின்கிற ஊர். அதனால் இது தூரத்துக் கணக்கில்லை.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே, பிறகேன் சோதிப்பான்?" செய்யாதுதான். பிறசரும் சீனியும் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும். சத்தம் கேட்கும்போது பெரும்பாலும் நேரம் பிந்தியிருக்கும். இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுக்குக் காரணம் தொற்றா நோய்கள். சோதனைக்குக் காசும் இல்லை: 2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைத் திறந்து, நடுவயதுக்காரரின் நிறை, பிறசர், சீனி பார்த்து அனுப்புகிறது. அங்கே வருகிறவர்களில் பெண்களே கூட. ஆண்களுக்கு வயல், சந்தை, சங்கக் கூட்டம், ஏதோ ஒன்று.

கிளினிக் கொப்பி எடுத்தவர்களிடமும் ஒரு சாட்டு இருக்கிறது: "குளிசை குடிக்கிறன்தானே." வெறும் வயிற்றோடு விடியற்காலையில் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்துவிட்டு, நேரே கன்ரீனுக்குப் போய் மூன்று கரண்டிச் சீனி போட்ட தேத்தண்ணியும் சீனி ஒட்டிய பணிஸும் வாங்குகிறவர்களை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நாளுக்கு நான்கு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி. சேர்த்த சீனிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்சவரம்பு அங்கேயே முடிகிறது. பணிஸும் சோடாவும் அதற்கு வெளியே. சீனி கட்டுப்படாதவரின் கால் மெல்ல மெல்ல உணர்வை இழக்கும். வெறுங்காலோடு வயலுக்குள் இறங்குகிறவருக்கு முள் ஏறியதும் தெரியாது, சிப்பி வெட்டியதும் தெரியாது. புண் பழுத்து மணக்கும்போதுதான் வீட்டாருக்கே தெரியவருகிறது. மிதிவெடியிலும் செல்லிலும் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற மண்ணில், அதற்கெல்லாம் தப்பிய காலை ஒரு முள்ளுக்குக் கொடுப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. இரவு படுக்கமுன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

"நல்ல சாப்பாட்டுக்கு எங்களிட்டக் காசில்லை." 2022இன் விலைவாசியைக் கண்டவர் எவரும் இதைத் தட்டிக் கழிக்க முடியாது. பழமும் பாலும் முட்டையும் பல வீடுகளுக்கு எட்டாமல் போனது உண்மை. ஆனாலும் வன்னி வளவில் முருங்கை நிற்கிறது, வேலியில் முசுட்டை படர்கிறது, கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடக்கின்றன. உழுந்து, பயறு, கௌப்பி, கச்சான் இங்கேயே விளைகின்றன. குளத்து மீன் சைக்கிளில் படலைக்கு வருகிறது. நம்முடைய வயலில் விளைந்த சிவப்பு நெல்லை மில்லுக்கு விற்றுவிட்டு, தவிடு முழுக்கத் தீட்டிய வெள்ளை அரிசியைக் கடையில் வாங்குகிறோமே, இதில் மிச்சம் பிடித்த காசு எங்கே? சோடா, பிஸ்கட், வெற்றிலை, புகையிலை, பின்னேரத்துப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். காசில்லை என்ற பேச்சு அந்தக் கொப்பியோடு அடங்கிவிடும்.

நேரமில்லை என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது உத்தியோகத்தரும் ஆசிரியரும் கடைக்காரரும் சைக்கிளில்தான் போனார்கள், வேலையும் நடந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி முழுவதுமே சைக்கிளில் ஓடியது. வயது போய்விட்டது என்பவருக்கும் குறுகிய பதில்தான்: கோயில் திருவிழாவுக்கு அதே காலோடுதான் நடக்கிறீர்கள், அம்மா.

சாட்டு என்று நான் ஒதுக்காதவையும் உண்டு. வவுனியாவில் சிறுநீரக நோய் கண்ட கிராமத்தவருக்கு முதலில் வேண்டியது நல்ல குடிதண்ணீர். அவர்களிடம் போய் நடையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. அவர்களின் சாப்பாட்டையும் தண்ணீரையும் அவர்களைப் பார்க்கிற வைத்தியர்தான் சொல்ல வேண்டும். தனியாகக் குடும்பம் சுமக்கிற பெண் இரண்டு வேலை முடித்து வரும்போது இருட்டிவிடுகிறது. "பொம்பிளையள் றோட்டில நடந்தா சனம் கதைக்கும்" என்பதைச் சனம் நிறுத்தினால் முடியும். ஆனால் வெளிச்சமில்லாத ஒழுங்கையும், தெருநாயும், காட்டோரக் கிராமங்களில் யானையும் அவளுடைய மன உறுதியால் தீருகிறவை அல்ல. வீதி விளக்குப் போடுவது பிரதேச சபையின் வேலை. அது வரும்வரை பாடசாலை மைதானத்தைப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பெண்களுக்குத் திறந்துவிடலாம். அதைக் கேட்டு அதிபருக்கும் சபைக்கும் கடிதம் எழுத மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அடுத்த கூட்டம் ஒன்று போதும்.