ஒன்றுமே இல்லாத கோட்டை

"மேலே ஒண்ணுமே இல்லைன்னு அவனே சொல்றான். அதைப் பார்க்கவா இந்த மூட்டுவலியோட ஏறப் போறீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். போன வருடம் இலையுதிர் காலத்தில் அவனிடம் போயிருந்தோம். அதற்குள் இரண்டு கோட்டைகளைப் பார்த்தாகிவிட்டது. ஒசாகா கோட்டையில் இப்போது இருக்கும் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட் உண்டு. எட்டாவது மாடியில் நின்று ஊரையே பார்க்கலாம். மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஹிமேஜி கோட்டை 1609-இல் முடித்த மரக்கோபுரம், அசல். அங்கே படிகள் ஏணி மாதிரி. இருவரும் கைப்பிடியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி இறங்கினோம்.

மூன்றாவதாகத்தான் தக்கேதா. ஹிமேஜியிலிருந்து ரயிலில் வடக்கே போக வேண்டும். 353 மீட்டர் உயர மலையின் உச்சியில் வெறும் கற்சுவர்கள். அவ்வளவுதான். இலையுதிர் கால விடியற்காலையில் கீழே ஆற்றிலிருந்து எழும் மூடுபனி மலையைச் சூழ்ந்துகொள்ள, கோட்டை மேகத்தில் மிதப்பதுபோல் தெரியுமாம். படங்களில் நீங்களும் பார்த்திருக்கலாம். நாங்கள் போய்ச் சேர்ந்ததோ பட்டப்பகல். மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மனைவியும் மருமகளும் ரயில் நிலையத்தின் பின்னாலேயே தங்கிவிட்டார்கள். மலையடிவாரத்தில் நான்கு புத்தர் கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. நானும் மகனும் பாதி மலை வரை பேருந்தில் போய், மீதியை நடந்தோம். இளைஞர்களுக்கு இருபது நிமிடம். எனக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

மேலே போனதும் மூச்சிரைப்பு மறந்துபோயிற்று. வடக்கு தெற்காக 400 மீட்டர், கிழக்கு மேற்காக 100 மீட்டர். அந்த நீளத்துக்கும் மலை முகட்டின் மேல் கற்சுவர்கள். முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித்துறையில் தடுப்புச் சுவர் கட்டியவன் நான். என் கண் வேறு எதைத் தேடும்? செதுக்காத கற்களை அப்படியே அடுக்கி, இடுக்கில் சின்னக் கற்களைச் செருகியிருக்கிறார்கள். சாந்து என்பதே கிடையாது. சுவருக்குப் பின்னால் சரளைக்கல் நிரப்பியிருப்பதால் மழைநீர் தானே வடிந்துவிடும். நாங்கள் சுவரில் ஓட்டை விட்டுச் செய்கிற வேலையை அவர்கள் சுவர் முழுவதிலும் செய்துவிட்டார்கள்.

இந்தச் சுவர்களை எழுப்பியவர் இக்கோட்டையின் கடைசித் தலைவர் அகமாட்சு ஹிரோஹிதே. 1600-இல் செகிகஹாரா போரையொட்டித் தொத்தோரி என்ற ஊரை எரித்த பழி அவர் மேல் விழுந்து, வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியதாயிற்று. கோட்டையும் அதோடு கைவிடப்பட்டது. நானூறு வருடம் மழை, பனி, நிலநடுக்கம் எல்லாம் பார்த்துவிட்டது. சரிந்த சில இடங்களை மட்டும் பிற்பாடு சீர்செய்திருக்கிறார்கள்.

இதற்கு உண்மையான ஆபத்து நம்மைப் போன்றவர்களால்தான் வந்தது. மேகப் படங்கள் பரவியதும் 2013 வாக்கில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் வரை ஏறினார்கள். மிதிபட்டு மண் அரித்துப்போய் மரவேர்கள் வெளியே வந்துவிட்டன. அதன் பிறகுதான் கட்டணம், தரைக்கு விரிப்பு, கயிறு கட்டிய ஒருவழிப் பாதை எல்லாம். அசல் கோபுரம் இருந்த மேட்டில் ஒரு கட்டிடம் எழுப்பு, லிஃப்ட் வை என்று யாராவது கிளம்பினால், தோண்டும்போதே பாதி போய்விடும். அது கூடவே கூடாது என்பது என் கட்சி.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். நகோயாவில் இதே விவாதம் வேறு வகையில் நடக்கிறது. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோன கோபுரத்தை 1959-இல் கான்கிரீட்டில் கட்டினார்கள். இப்போது அதை இடித்துவிட்டுப் பழையபடி மரத்திலேயே கட்டத் திட்டம். அசலில் லிஃப்ட் இல்லையே, நாம் எப்படி வைப்பது என்று ஒரு தரப்பு. அப்படியானால் நாங்கள் மனிதர்களில் சேர்த்தி இல்லையா என்று மாற்றுத்திறனாளிகள். இதில் நான் மாற்றுத்திறனாளிகள் பக்கம். இன்று கட்டுவது இன்றைய கட்டிடம்தான். சக்கர நாற்காலிக்காரரை வாசலில் நிறுத்திவிட்டுப் பழமை என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. தக்கேதாவில் இருப்பது அசல். அங்கே லிஃப்ட் வைத்தால் பார்க்க வந்ததே மிஞ்சாது.

இதைச் சொல்வது எனக்குச் சுலபம், நான் ஏறிவிட்டேன். அதற்கான விலையைக் கொடுத்தவள் கீழே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரம் வந்தும் அவளால் பார்க்க முடியவில்லை. இறங்கி வந்து இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் நிதானமாக, "இங்கேயிருந்தே சுவரோட விளிம்பு தெரியுதே, நான் பார்த்துட்டேன்" என்று மேலே கை காட்டினாள். அண்ணாந்து பார்த்தேன். மலையுச்சியில் மெல்லிய சாம்பல் கோடு. போகும்போது என் கண்ணில் அது படவே இல்லை.

அடுத்த முறை வந்தால் நானும் அவளோடு கீழேதான் உட்கார வேண்டியிருக்கும். அப்போதும் இதே கட்சியில் இருப்பேனா என்று மகன் கேட்டான். இருப்பேன் என்றுதான் சொன்னேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?