பிடுங்கிய பல்லும் பழகிய கையும்

ஏழை நாடுகளுக்குப் போய் இரண்டு வாரம் மருத்துவ ஊழியம் செய்துவிட்டுத் திரும்பும் கிறிஸ்தவக் குழுக்களின் மேல் சொல்லப்படும் குறைகளில் பாதி, பல் மருத்துவர்களுக்குப் பொருந்தாது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் முப்பது நாள் மாத்திரை கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், முப்பத்தோராம் நாள் நோயாளி பழைய இடத்தில்தான் நிற்பார். சீழ் பிடித்த கடைவாய்ப் பல் அப்படியல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, வேரோடு பிடுங்கி, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பினால் அந்தப் பல்லின் கணக்கு அன்றோடு தீர்ந்தது. மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே மென்று, இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அரை மணி நேரத்தில் கிடைக்கும் விடுதலை அது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, சம்பளமில்லாமல் அதைச் செய்துவிட்டு வருகிறவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை என்பதாலேயே, பிடுங்கிய பற்களை எண்ணிச் சபையில் அறிக்கை வாசித்துவிட்டால் ஊழியம் நிறைவேறிவிட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது.

தேவையின் அளவைப் பார்த்தால் இந்த எண்ணிக்கைகள் எவ்வளவு சிறியவை என்பது புரியும். உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் உள்ளன என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை. ஆப்பிரிக்கப் பகுதியில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 3 பல் மருத்துவர்களே இருக்கிறார்கள். உலகச் சராசரியில் இது பத்தில் ஒரு பங்கு. அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். சொத்தைப் பல்லாவது வலித்துக்கொண்டு காத்திருக்கும். நோமா காத்திருக்காது. சத்துக் குறைந்த சிறு குழந்தைகளின் ஈறில் புண்ணாகத் தொடங்கி, சில நாட்களில் கன்னத்தையும் தாடையையும் அரித்துவிடும் நோய் அது. சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது வரை இறந்துவிடக்கூடும். முதல் கட்டத்திலேயே கண்டுகொண்டால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கும், வாய்ச் சுத்தமும், நல்ல சாப்பாடும் போதும். 2023 டிசம்பரில்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நாட்கணக்கில் முற்றும் நோயை, வருடத்துக்கு இரண்டு வாரம் வந்துபோகும் குழு எந்தக் காலத்திலும் பிடிக்க முடியாது. குழந்தையின் ஈறைப் பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் பட்டம் பெற்ற பல் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தான்சானியாவில் மூன்றாண்டுப் படிப்பு முடித்த கிளினிக்கல் ஆபீசர்கள் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் வேலை செய்கிறார்கள். பிரிட்டனின் ‘பிரிட்ஜ்டுஎய்ட்’ தொண்டு நிறுவனம் அங்கே பல் மருத்துவர்களை அனுப்பியது இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான்: ஊசி எங்கே போடுவது, இடுக்கியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பல்லைத் தொடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அதே நாட்டில் 1980களில் உருவான இன்னொரு முறையில் டிரில்லும் மின்சாரமும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம். பிடுங்க வேண்டிய நிலைக்கே பல் போகாது. கை பழகிய ஒருவர் வருடம் முழுக்க அங்கேயே இருப்பார். தொண்டரின் இரண்டு வாரம் இப்படிச் செலவானால், ஊருக்கு அதன் பலன் பல வருடங்களுக்கு நீளும்.

இது நிர்வாகக் கணக்கு, விசுவாசத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஊழியக் குழுக்கள் தங்கள் முன்மாதிரியாக ஓயாமல் சொல்லும் நல்ல சமாரியன் கதையையே, லூக்கா எழுதியபடி கடைசிவரை படித்தால் போதும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதோடு சமாரியன் போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்தான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். பிரசங்கங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வரும் அளவுக்குச் சத்திரக்காரன் வருவதில்லை. தான் இல்லாதபோதும் கவனிப்பு நடப்பதற்கு உள்ளூர்க்காரர் ஒருவரை ஏற்பாடு செய்து, அதற்குப் பணமும் பொறுப்பும் ஏற்பது அந்தக் கதையிலேயே அன்பின் ஒரு பகுதிதான்.

இப்படி நடந்தும் இருக்கிறது. டான் ஸ்டீபன்ஸும் அவர் மனைவி டெயானும் 1978இல் தொடங்கிய ‘மெர்சி ஷிப்ஸ்’ வெளிப்படையான கிறிஸ்தவ நிறுவனம். அதன் மருத்துவமனைக் கப்பலில் வேலை செய்யும் தொண்டர்கள் தங்கள் தங்கும் செலவையும் தாங்களே கொடுக்கிறார்கள். கினி நாட்டின் கொனாக்ரியில் அவர்களின் கப்பல் நின்றபோது, கமால் அப்தெல் நாசர் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவோடு சேர்ந்து சிகிச்சைக்கூடத்தைப் புதுப்பித்தார்கள். மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2019இல் கப்பல் கிளம்பிய பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. இதே கப்பல்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிகளையும் நோமாவால் சிதைந்த முகங்களையும் சீர்செய்தவர் வாய், தாடை அறுவை மருத்துவர் கேரி பார்க்கர். நல்ல வேலை செய்ய மதம் வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவரை இத்தனை காலம் ஒரே பணியில் நிறுத்திவைக்கும் சக்தி விசுவாசத்துக்கு இருப்பதை மறுப்பதும் நேர்மையாகாது.

விமான டிக்கெட் பணத்தை அப்படியே அனுப்பிவிடலாமே என்பது வழக்கமான வாதம். பிடுங்குவதற்கு மட்டுமே போகிறவர்கள் விஷயத்தில் அது பெரிதும் சரி. இடுக்கி பிடிக்கும் பக்குவம் மட்டும் வங்கிக் கணக்கு வழியாகப் போகாது; பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஒருவர் வேண்டும். இலவச முகாம்கள் உள்ளூர்ப் பல் மருத்துவரின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அவரைக் கேட்காமல், அவர் ஊருக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடிப்பது உதவியாகாது. சொந்த நாட்டில் தொட அனுமதியில்லாத சிகிச்சையை அங்கே ஏழையின் வாயில் செய்து பழகும் மாணவர்களைப் பற்றி விவாதிக்கவே ஒன்றுமில்லை. அதை நிறுத்த வேண்டும்.

மதமாற்றக் கேள்விக்கு வருவோம். வலியோடு, வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பவரால் மறுத்துப் பேசக்கூட முடியாது. அந்த நேரத்தில் அவருக்குச் சுவிசேஷம் சொல்வது நியாயமில்லை. வரிசையில் காத்திருப்பவர் ஜெபத்தில் கலந்துகொண்டால்தான் டோக்கன் என்றால் அது வியாபாரம். இதற்கும் லூக்காவிடமே பதில் உண்டு. குணமான பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். அதற்காக மற்ற ஒன்பது பேரின் நோயும் திரும்பி வந்ததாக அவர் எழுதவில்லை.

ஆப்பிரிக்கச் செய்தி நமக்கு எதற்கு என்பவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கலாம். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக அங்கே வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடி வெளியே போய்விடுவதைக் கண்டு, 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். அதற்காகப் பாடநூல்களையும் தமிழில் உருவாக்கினார். 1873இல் அவர் ஊர் திரும்பும்போது 60க்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, பல் இடுக்கியோடு கிளம்பும் குழு இந்தக் கணக்கைத் தன் சபைக்குக் காட்டட்டும். எத்தனை பற்கள் என்பதற்குப் பக்கத்தில், அந்த ஊரில் இப்போது எத்தனை பேருக்குப் பிடுங்கத் தெரியும், அடுத்த வருடம் அவர்களுக்கு ஊசி மருந்து யார் வாங்கித் தருவார்கள் என்றும் அறிக்கையில் இரண்டு வரி இருக்க வேண்டும். காணிக்கை போடுகிறவர்கள் அதைக் கேட்கலாம்.